ஆற்றின் வளைவும் கால்வாயின் நேரும்

நம் சங்கத்து அங்கத்தினருள் நிலமுடையோர் யாவரும் தத்தம் கிணற்றின் ஆழத்தை அறிவர். கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் இறைக்கும் என்பதையும் அறிவர். ஆனால் அக்கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று வினவினால், மழையிலிருந்து என்று சிலரும் ஏரியிலிருந்து என்று சிலரும் விடை கூறுவரேயன்றி, ஆற்றிலிருந்து என்று கூறுவோர் இக்காலத்தில் மிகச் சிலரே. செவ்வாப்பேட்டைக்கு வடக்கே கொசஸ்தலையாறு ஓடுகிறது. தெற்கே கூவம் ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதுவதும் பழக்கத்தினாலேதான். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே மணலும் முட்செடியுமே கிடக்கின்றன. இரண்டு ஆறுகளின் நடுவே குடியிருப்போர் ஆற்றை மறக்க நேர்ந்தது எவ்வாறு என்பதைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவ்விஷயம் குறித்து அங்கத்தினரிடையே நெடுநாளாகப் பேச்சு நடந்து வருகிறது. நேரில் கண்டு வருவோம் என்று கருதி, விவசாயிகளும் நெசவாளருமாகப் பதினான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். மேற்கே கேசாவரம் அணைக்கட்டு, அங்கிருந்து திரும்பிப் பூண்டி நீர்த்தேக்கம், பிறகு ஆற்றோடு கிழக்கே வந்து தாமரைப்பாக்கம் அணைக்கட்டு. இம்மூன்றும் ஒரு பகலில் முடிந்தன. வழியில் உண்டதையும் செலவானதையும் எழுதிப் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை. கண்டவற்றையும், அவற்றால் நமக்கு உண்டான அபிப்பிராயத்தையும் மட்டும் கூறுவோம்.

கேசாவரம் தக்கோலத்துக்கு அருகில் உள்ளது. சோழ இளவரசன் இராசாதித்தன் 949-ஆம் ஆண்டில் இராட்டிரகூடருடன் பொருது மடிந்தது இந்தத் தக்கோலத்திலேதான். அங்கே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள அணைக்கட்டில் நீர் இரு கூறாகப் பிரிகிறது. ஒரு கூறு கொசஸ்தலையாறு என்னும் பெயரோடு வடகிழக்கே பூண்டிக்குச் செல்கிறது. மற்றொரு கூறு கூவம் ஆற்றுக்குச் சேர்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்பது மதகைத் திறப்பவர் கையில் இருக்கிறது. பூண்டியில் நீர்த்தேக்கம் ஏற்பட்ட பிறகு, தலைநகரின் தாகத்தை முன்னிட்டுப் பூண்டிப் பக்கமே முதல் உரிமை பெற்றது. கூவத்துக்கு மிச்சம் மீதியே கிடைத்தது. சென்னையில் கூவம் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த ஆறு தோன்றும் பக்கத்தில் கூவம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள திருவிற்கோலம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். பாடல் பெற்ற தலத்தின் நீர் பட்டணத்தில் சாக்கடையாய் நாறுவதற்குப் பட்டணத்தார் விடும் கழிவு ஒரு காரணம். அதை அடித்துச் செல்ல மேலிருந்து நல்ல நீர் வராமையும் ஒரு காரணம். இரண்டாவது காரணத்தை ஏனோ எவரும் பேசுவதில்லை.

கொசஸ்தலையாற்றைப் பற்றி ஒரு செய்தியை இங்கே கூற வேண்டும். பாலாறு முற்காலத்தில் இப்போதுள்ள வழியே தென்கிழக்காகச் செல்லாமல், வடகிழக்கே திரும்பி நம் பக்கமாக வந்து கடலில் கலந்தது என்பது நிலநூல் அறிஞர் கொள்கை. கொசஸ்தலையாற்றுக்கு ‘விருத்த க்ஷீர நதி’, அதாவது பழம்பாலாறு என்று வடமொழியில் ஒரு பெயர் வழங்குவதும் இதற்கு இசைவாக இருக்கிறது. பெரிய ஆறு தன் பழைய பாதையை விட்டுப் போயிற்று. ஆனால் அது கொண்டுவந்து கொட்டிய மணல் போகவில்லை. அந்த மணலின் மேலேதான் திருவள்ளூரிலிருந்து மீஞ்சூர் வரையில் நம் வயல்கள் இருக்கின்றன. மணல் என்பது நீரின் களஞ்சியம். ஆறு நாலு வாரம் ஓடினாலும் போதும். அந்த நீர் மணலில் இறங்கி, இரு கரைகளிலும் பக்கவாட்டாகப் பரவி, கிணறுகளுக்குள் வந்து சேரும். தைமாதத்தில் ஆறு வற்றிய பின்பும் ஆனிவரை கிணறு வற்றாது. முன்னோர் இதை நன்றாக உணர்ந்திருந்தனர். ஆற்று மணலில் நீளமாகக் கால் தோண்டி, அடியில் ஊறும் நீரைக் கரை வழியே வயலுக்குக் கொண்டுசென்றார்கள். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்த பிறகு ஊரார் ஒன்றுகூடி, வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் வந்து, அக்காலைத் தூர் வாருவார்கள். கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இருந்த கூட்டுறவு அது.

இங்கே ஆற்றின் வளைவைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். சமவெளியில் ஓடும் ஆறு ஒருபோதும் நேராக ஓடுவதில்லை. ஒரு கரையை அரித்து மறு கரையில் மணலை இட்டு, பாம்புபோல நெளிந்து செல்கிறது. நெளிவதனால் வழி நீள்கிறது. வழி நீள்வதனால் சரிவு குறைந்து நீர் மெதுவாகச் செல்கிறது. மெதுவாகச் செல்வதனால் பூமிக்குள் இறங்க அதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு சிறு ஏரி போல வேலை செய்கிறது எனலாம். வளைவின் உட்புறத்தில் மேடான மணல்திட்டும் வெளிப்புறத்தில் ஆழமான மடுவும் உண்டாகின்றன. கோடையில் ஊரின் மாடுகள் நீர் குடித்ததும், சிறுவர் மீன் பிடித்ததும், வண்ணார் துறை அமைத்ததும் அந்த மடுக்களை நம்பியே. நெசவாளரும் ஆற்று வளைவை அறியாதவரல்லர். 1734-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் நெசவாளருக்கென்று ஒரு குடியிருப்பு ஏற்படுத்தினர். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். அந்தப் பேட்டை கூவத்தின் ஒரு பெரிய வளைவுக்குள், மூன்று பக்கமும் ஆறு சூழ அமைந்துள்ளது.

பூண்டிக்கு வருவோம். சென்னை மேயராக 1939-40-இல் இருந்த தீரர் சத்தியமூர்த்தி அவர்கள் பட்டணத்துக்கு இந்த நீர்த்தேக்கம் வேண்டும் என்று பாடுபட்டார். 1940-இல் வேலை தொடங்கியது, 1944-இல் முடிந்தது. அதைக் காண அவர் இல்லை, 1943-இல் காலமாகிவிட்டார். சத்தியமூர்த்தி சாகரம் என்று அதற்குப் பெயரிட்டது மிகப் பொருத்தமே. நீர் பரந்து கிடக்கும் அக்காட்சியைக் கண்டு நம்முடன் வந்த நெசவாள அன்பர் ஒருவர், பாவு விரித்ததுபோல இருக்கிறது என்றார். அந்த நீருக்கு அடியில் திருவெண்பாக்கம் என்னும் பழைய தலம் இருந்தது. திருவொற்றியூரில் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இறைவன் ஊன்றுகோல் அளித்த இடம் என்று பெரியோர் கூறுவர். தேக்கத்தில் மூழ்கும் என்பதனால் அக்கோயிலைப் பெயர்த்துக்கொண்டு வந்து பூண்டியில் கட்டினார்கள். இறைவனும் பட்டணத்தின் தாகத்துக்காக இடம் மாறினார். ஆகவே குடிமக்கள் இடம் மாறியதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதாமல் விட்டதில் வியப்பில்லை.

ஆயினும் பூண்டி அணையை நாம் குறை கூறவில்லை. மழை நீர் கடலுக்குப் போகாமல் தடுத்து வைப்பது நல்ல காரியம். நம்முடைய கவனத்தை இழுத்தது அணையன்று. அணைக்குக் கீழே நடந்த மாறுதல்.

பட்டணத்துக்கு இந்த ஆற்றிலிருந்து நீர் கொண்டுபோகும் ஏற்பாடு பூண்டிக்கு முந்தியது. பிரேசர் என்ற எஞ்சினீயரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுப்பி, அங்கிருந்து சோழவரம் ஏரிக்கும் செங்குன்றம் ஏரிக்கும் நீரைத் திருப்பினார்கள். 1872 முதல் அந்த நீர் சென்னைக்குச் சென்று வந்தது. 1944-இல் பூண்டி ஏற்பட்ட பிறகும் முறை மாறவில்லை. பூண்டியில் திறந்த நீர் ஆற்றிலேயே தாமரைப்பாக்கம் வரை வந்தது. அங்கே அணைக்கட்டு அதைப் பிடித்துச் சோழவரத்துக்கு அனுப்பியது. அதாவது பட்டணத்து நீரே ஆயினும் நம் கரைகளைத் தொட்டுக்கொண்டு, வளைவுகளிலெல்லாம் தங்கித் தங்கிச் சென்றது. போகிற வழியில் மணல் தன் பங்கை எடுத்துக்கொண்டது. எவரும் சட்டம் இயற்றாமலே கரையோர ஊர்களுக்கு ஒரு பங்கு கிடைத்து வந்தது.

1972-இல் இந்த முறை மாறியது. பூண்டியிலிருந்து தாமரைப்பாக்கம் வரை ஆற்றை விட்டு விலகி, அடியும் பக்கமும் பூசி உறுதி செய்த ஒரு கால்வாய் அமைக்கப்பட்டது. ஆற்றுவழியே வரும்போது ஏற்படும் நீர் இழப்பைத் தவிர்ப்பதே அதன் நோக்கம் என்று அரசினர் சொன்னார்கள். வேறு நாடுகளில் ஆற்றையே வெட்டி நேராக்கினார்கள். நம் பக்கத்தில் ஆறு வளைந்தபடியே கிடக்க, அதன் நீரை மட்டும் எடுத்து நேரான வழியில் விட்டார்கள். பார்வைக்கு ஆறு இருக்கிறது. ஆற்றின் தொழில் மட்டும் நின்றுவிட்டது.

நீர் இழப்பு என்ற சொல்லை அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் பண்டகசாலையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால், அதை எலி தின்றதா, எடையில் போயிற்றா, எவர் வீட்டுக்காவது போயிற்றா என்று தணிக்கை செய்கிறோம். எவர் வீட்டுக்காவது போயிருந்தால் அதை இழப்பு என்று எழுதாமல், அவர் கணக்கில் பற்று எழுதுவோம். பூண்டியில் நூறு பங்கு திறந்து தாமரைப்பாக்கத்தில் எண்பது பங்கு வந்தால், மீதி இருபதும் ஆவியாகிப் போய்விடவில்லை. வெயில் கொஞ்சம் குடித்தது உண்மைதான். பெரும்பகுதி மணலில் இறங்கிக் கரையோரத்துக் கிணறுகளுக்குள் சென்றது. எஞ்சினீயர் புத்தகத்தில் இழப்பு என்ற தலைப்பில் எழுதப்பட்டது, விவசாயி புத்தகத்தில் வரவாக இருந்தது. ஆனால் விவசாயிக்குப் புத்தகம் இல்லை. ஆகவே இழப்பு என்ற ஒரு கணக்கே நிலைபெற்றது. (நூறு, எண்பது என்ற தொகைகள் விளக்கத்துக்காக எழுதியவை, அளந்தெடுத்த புள்ளி விவரம் அல்ல.)

அந்தக் கால்வாயின் கரையில் சிறிது தூரம் நடந்து பார்த்தோம். இரு புறமும் வழுவழுப்பான சரிவு. நீர் ஓசையின்றி விரைகிறது. மாடு இறங்க வழியில்லை. இறங்கினால் ஏற வழியில்லை. துறையில்லை, மடுவில்லை, நாணல் இல்லை. கால்வாய்க்கு ஐம்பது அடி தள்ளி ஒரு கொல்லையில் வாழைக்கன்றுகள் வாடி நின்றன. நிலத்துக்குச் சொந்தக்காரரான முதியவர், “எங்கள் ஊர் வழியாகத்தான் தண்ணீர் போகிறது, சாமி, எங்கள் ஊருக்கு வருவதில்லை” என்றார். இரண்டு வாக்கியத்தில் அவர் சொன்னதற்குமேல் நாம் எழுதுவதற்கு அதிகமில்லை என்றே தோன்றியது.

பிற்காலத்தில் வந்த கால்வாய்களும் இதே வழியைப் பின்பற்றின. 1983-இல் தமிழகமும் ஆந்திரமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கிருஷ்ணா நீர் கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் எல்லையைக் கடந்து 1996-இல் முதன்முறையாகப் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. மண் கால்வாயில் வழியிலேயே நீர் குறைந்து போகிறது என்று கண்டு, புட்டபர்த்தி சத்திய சாயி அறக்கட்டளையார் 2002-க்குப் பின் பெரும் பொருள் செலவிட்டு ஆந்திரப் பகுதியில் அதைச் செப்பனிட்டனர். பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கும் ஓர் இணைப்புக் கால்வாய் செல்கிறது. அவசரமான நீருக்கு அவசரமான வழி என்ற அளவில் இவையெல்லாம் சரியே.

இதற்கிடையில் பழைய ஆற்றுக்கு எஞ்சியது என்ன? ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்து பூண்டி நிரம்பி வழியும்போது மதகுகளைத் திறக்கிறார்கள். 2015-இலும் 2021-இலும் 2023-இலும் அவ்வாறு திறந்ததைக் கரையோர மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில நாள்கள் இருகரை புரண்டு, வயலையும் பாலத்தையும் அடித்துக்கொண்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. மற்ற மாதங்களில் சொட்டு நீர் இல்லை. பட்டினியும் அஜீரணமும் மாறி மாறி வரும் உடம்பைப் போல ஆற்றின் நிலை ஆகிவிட்டது. வெறும் மணல் கிடந்தால் அதைச் சும்மா விடுவார்களா? பட்டணத்தில் கட்டடம் எழும்பத் தொடங்கிய காலத்திலிருந்து, நம் மூன்று ஆறுகளின் மணலும் லாரி லாரியாய்ப் போயிற்று. களஞ்சியத்துக்கு நெல் வருவது நின்றது ஒரு கேடு. பிறகு களஞ்சியத்தையே பெயர்த்துக்கொண்டு போனது மற்றொரு கேடு.

ஆற்றை நேராக்கிய பிற நாட்டார் அனுபவத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஜெர்மனியில் ரைன் நதி பல கிளைகளாகப் பிரிந்து, ஆயிரக்கணக்கான தீவுகளோடு, அடிக்கடி வழி மாறிக்கொண்டிருந்தது. கரையோரக் கிராமங்கள் வெள்ளத்தால் பலமுறை அழிந்தன. மலேரியாக் காய்ச்சலும் இருந்தது. பாடன் நாட்டு எஞ்சினீயர் டுல்லா என்பவர் 1817-இல் அந்நதியின் வளைவுகளை வெட்டி நேராக்கும் வேலையைத் தொடங்கினார். அவர் 1828-இல் இறந்த பின்னும் வேலை நடந்து, 1876-இல் நிறைவேறியது. பாசெல் நகருக்கும் வோர்ம்ஸ் நகருக்கும் இடையே ஆற்றின் நீளம் சுமார் 81 கிலோமீட்டர் குறைந்தது. விளைநிலம் பெருகிற்று, காய்ச்சல் ஒழிந்தது. டுல்லாவுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள், அது நியாயமே. ஆனால் நேரான நீர் விரைவாக ஓடி ஆற்றின் அடியை ஆழமாக அரித்தது. ஆற்றின் மட்டம் தாழவே, கரையோர நிலத்தடி நீரும் தாழ்ந்தது; கிணறுகள் வறண்டன. மீனவரும் ஆற்று மணலில் பொன் அரித்துப் பிழைத்தோரும் தொழில் இழந்தனர். மேலே ஒதுங்க இடமில்லாத வெள்ளம் முன்னிலும் வேகமாகக் கீழேயுள்ள ஊர்களைத் தாக்கிற்று. இப்போது அந்நாட்டார், வெள்ளம் வந்தால் பரவி நிற்கட்டும் என்று ஆற்றோரத்தில் பழையபடி நிலம் ஒதுக்கி வருகிறார்கள்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துக் கிசிம்மி ஆற்றின் கதை இன்னும் தெளிவானது. 166 கிலோமீட்டர் நெளிந்து சென்ற ஆற்றை 1962 முதல் 1971 வரை வேலை செய்து 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக்கினார்கள். சதுப்பு நிலம் காய்ந்தது. நீர்ப்பறவைகள் வராமல் போயின. வேலை முடிந்த கொஞ்ச காலத்திலேயே, செய்தது தவறு என்ற கூச்சல் எழுந்தது. 1999-இல் தொடங்கி 2021-இல் முடித்து, கால்வாயின் ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி, பழைய வளைவுகளில் நீரைத் திருப்பி விட்டார்கள். அதற்கு ஆன செலவு சுமார் நூறு கோடி டாலர். பணமுள்ள நாடு, செய்ததை அழித்துத் திரும்பச் செய்ய அதற்கு இயலும்.

நம் நாட்டில் பலன் எவ்வாறு முடிந்தது என்பதைத் தாமரைப்பாக்கத்துக்குக் கிழக்கே காணலாம். ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு 1960-களின் பிற்பகுதியில் இப்பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். பழம்பாலாறு விட்டுச் சென்ற மணலில் பெரும் நீர்வளம் இருப்பது தெரிந்தது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கிப் பட்டணத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். பிறகு பூண்டிப் பக்கத்திலும் கன்னிகைப்பேரிலும் எடுத்தார்கள். ஒரு புறம் ஆற்றுநீர் பூமிக்குள் இறங்காதபடி கால்வாய். மறுபுறம் பூமிக்குள் இருந்ததை உறிஞ்சக் குழாய். வைப்புத் தொகை கட்டுவதை நிறுத்திவிட்டுக் கணக்கிலிருந்து பணம் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது நம் சங்கத்து எழுத்தருக்கும் தெரியும். நல்ல நீர் விலகிய இடத்தில் கடல் நீர் புகுந்தது. 1969-இல் மீஞ்சூர்ப் பக்கம் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம் உட்புகுந்திருந்த உப்பு, 1980-களில் 9 கிலோமீட்டர் தூரத்தை எட்டியது. கடல் ஓர் அங்குலமும் ஏறவில்லை. பூமிக்கடியில் நாம் இறங்கியதனால் அது வந்தது.

உப்பு நீரைப் பற்றி விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. நம் ஊருக்கு அருகேயுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான டி.கே.எம். 6 என்னும் இரகமே, உலகம் முழுதும் பேர்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லுக்குத் தாய்தந்தையரில் ஒன்று. டி.கே.எம். என்ற எழுத்துகள் திரூர்க்குப்பத்தைக் குறிப்பவை. அத்தகைய விதை பிறந்த வட்டாரத்தில், விதை இருந்தும் நீர் இல்லாமல் நிலத்தை மனைக்கட்டாய் விற்றுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறோம்.

நெசவாளருக்கோ இது வேறு விதத்தில் வந்து முட்டுகிறது. உப்பும் கடினமும் உள்ள நீரில் நூலைத் தோய்த்தால் சாயம் சீராக ஏறாது. திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சோப்பு நுரைக்காது. கஞ்சி போட்ட பாவும் நன்றாக நில்லாது. ஒருகாலத்தில் இக்கரையின் துணிக்கு உலகெங்கும் பேர் இருந்தது. பாலையாக்காட்டுக் கைலி என்று நாம் கூறுவது பழவேற்காட்டின் பேரால் வந்தது. ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ நாட்டில் இன்றும் தலையில் கட்டும் வண்ணத் துணிக்குப் ‘பாலியாகாத்தே’ என்று பெயர். அந்தப் பேரைச் சம்பாதித்ததில் சாயவேருக்கும் தறிக்காரன் கைக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு ஆற்றின் மென்னீருக்கும் உண்டு. இன்று பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களில் தறி ஓட்டுவோர் நூலின் விலையைப் பற்றிப் பேசுவது போல நீரைப் பற்றிப் பேசுவதில்லை. நூல் விலை உயர்வது பத்திரிகையில் வருகிறது; நீரின் குணம் கெடுவது பத்திரிகையில் வருவதில்லை என்பதே காரணம் போலும்.

இவ்வளவையும் செய்து பட்டணத்துக்காவது தாகம் தீர்ந்ததா? 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நான்கு ஏரிகளும் வற்றின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டு வந்தார்கள். ஐம்பது டாங்கி வண்டிகள்; 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்துக்குச் சென்ற அந்த ரயில், 1856-இல் இராயபுரத்திலிருந்து போடப்பட்ட அதே இருப்புப்பாதை வழியே, அரக்கோணம், திருவள்ளூர் கடந்து, நம் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனையும் கடந்து சென்றது. ஆற்றை விட்டுக் கால்வாய்க்கு வந்து, கால்வாயை விட்டு நீர் இரும்புப் பாதைக்கு வந்துவிட்டது. இதைவிட நேரான வழி இனி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

பட்டணத்தார் மேல் நமக்குப் பகை கிடையாது. நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலை வேலைக்குப் போகிறார்கள். நாம் நெய்ததும் விளைத்ததும் அங்கேதான் விற்கின்றன. குடிநீருக்கு முதலிடம் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. பஞ்ச காலத்தில் ஆற்று மணலுக்கு நீர் ஊட்டிக்கொண்டிரு என்று எந்த அரசையும் கேட்க முடியாது. அப்போது கால்வாயே வேண்டும். கால்வாயை இடிக்கச் சொல்வது நம் கோரிக்கையன்று. அப்படிச் சொல்லும் சில அன்பர்கள் கோபத்தில் பேசுகிறார்கள்.

நாம் கேட்பது வேறு. பூண்டியில் நீர் நன்றாக நிறைந்திருக்கும் ஆண்டுகளில், வெள்ளத்துக்காக மதகைத் திறக்கும் வரை காத்திராமல், தை மாசி மாதங்களில் சில நாள்கள் அளவாகப் பழைய ஆற்றுவழியே நீரை விட வேண்டும். தாமரைப்பாக்கத்தை வந்தடைவதை வழக்கம்போல் சோழவரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். வழியில் மணலுக்குள் இறங்குவதும் பட்டணத்துக்கு அந்நியமாகிவிடாது. குடிநீர் வாரியத்தாரின் குழாய்க் கிணறுகள் அதே மணலில்தான் இருக்கின்றன. பங்குனி சித்திரையில் ஏரியில் கிடந்தால் வெயில் குடித்துவிடும் நீர், மணலுக்குள் கிடந்தால் பத்திரமாக இருக்கும். ஏரியின் நீருக்கு ஆவியாகும் கணக்கு எழுதுகிறவர்கள், மணலின் நீருக்குச் சேமிப்புக் கணக்கு எழுத மறுப்பது நியாயமாகாது. பூண்டியிலேயே 1944 முதல் அரசின் நீரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஆறுகளையும் அணைகளையும் சிறு மாதிரிகளாக அமைத்து, நீர் விட்டுப் பார்க்கும் இடம் அது. வாசலில் ஓடும் ஆற்றில் எத்தனை நாள் நீர் விட்டால் எத்தனை கிணறு ஏறும் என்பதைச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

அரசினரை மட்டும் கேட்டுப் பயனில்லை. கரையோரத்து விவசாயிகளில் சிலர், பயிருக்கு இறைப்பதைவிட டாங்கர் லாரிக்கு இறைப்பது ஆதாயம் என்று கண்டு கிணற்றுநீரை விற்கிறார்கள். பஞ்ச ஆண்டுகளில் குடிநீர் வாரியமே விவசாயக் கிணறுகளை வாடகைக்கு அமர்த்தியதும் உண்டு. விற்பவரை நிந்திப்பது எளிது. விளைச்சலில் மிஞ்சாததை அவர் வேறு எதில் ஈட்டுவார்? ஆனால் ஒருவர் கிணற்றில் இறைப்பது பக்கத்துக் கிணற்றின் நீரும்தான். தனித்தனியே விற்பதனால் விலையும் லாரிக்காரன் சொன்னதாகவே அமைகிறது. லேவாதேவிக்காரனிடம் ஒவ்வொருவரும் தனியே கைநீட்டி அழிந்த காலத்தில், 1904-இல், நமக்கு அடுத்த ஊராகிய திரூரில் இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. கடனுக்குச் சங்கம் கண்ட ஊர் நீருக்கும் சங்கம் காணலாம். எந்த மாதம் வரை இறைப்பது, எந்த ஆழத்துக்குக் கீழே போனால் விற்பனையை நிறுத்துவது, ஆற்று மணலை எங்கே தொடக்கூடாது, தடுப்பணையைத் தூர்வார எந்த ஊர் எத்தனை ஆள் தருவது என்பவற்றைக் கரையோரத்து ஊர்கள் கூடித் தீர்மானித்தால், அதை மீறி லாரி வருவது கடினம்.

இதற்கு முதலில் கையில் கணக்கு வேண்டும். ஆகவே நிர்வாக சபையில் கலந்துகொண்டு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். கொசஸ்தலையாற்றுக்கும் கூவத்துக்கும் இரண்டு மைல் தூரத்துக்குள் கிணறு உடைய அங்கத்தினர், தை, சித்திரை, ஆடி, ஐப்பசி மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பு, கயிற்றில் கல் கட்டி நீர் மட்டத்தை அடிக்கணக்கில் அளக்க வேண்டுகிறோம். சாயப்பட்டறை உடைய நெசவாள அங்கத்தினர் அதே நாளில் ஒரு பாட்டில் நீர் கொண்டுவந்தால், உப்பின் அளவைப் பார்த்துத் தர ஏற்பாடு செய்யப்படும். அளவுகளைப் பதிய ஒரு நோட்டுப் புத்தகம் சங்க அலுவலகத்தில் காரியதரிசியின் மேஜைமேல் வைக்கப்பட்டுள்ளது. கிணற்றின் பெயர், கிராமம், அளந்தவர் கையெழுத்து ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறது. நாலு பருவ அளவு சேர்ந்ததும் அதை மகாசபையில் வைத்து, அதன் நகலோடு நீர்வள இலாகாவுக்கு மனு அனுப்ப உத்தேசம். இதுவரை பதினொரு கிணறுகள் பதிவாகியுள்ளன.